பார்த்த வீடு

கட்டுத்துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் உப்புத்தண்ணீரை ஊற்றி ஊற்றி நனைத்து, ஓரம் ஓரமாகப் பிரித்தாள். கடைசிச் சுற்று கழன்றதும் அறை முழுக்க வாடை பரவியது. ஜன்னலோரம் நின்றிருந்த அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இருபத்தாறு வருஷமாக வீடு வீடாகப் போய்ப் புண் பார்த்தவளின் மூக்கு அது. வாடையை வைத்தே புண்ணுக்கு எத்தனை மாதம் என்று சொல்லிவிடும். ஏழு மாதம் என்றது. குறைந்தது ஏழு.

கட்டிலில் கிடந்தது அவளுடைய ஓரகத்தி, கணவருடைய அண்ணன் மனைவி. இருவரும் பேசிப் பதினாலு வருஷம் ஆகிறது.

டாக்டர் இளம்பெண். குனிந்து பார்த்தார். பெருவிரலும் அடுத்ததும் கறுத்துப்போயிருந்தன. பாதத்தின் மேல்பக்கம் சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. ஒரு குச்சியால் அங்கங்கே தொட்டு, "தெரியுதா? இங்க? இங்க?" என்று கேட்டார். ஓரகத்தி எல்லாவற்றுக்கும் "தெரியுது" என்றாள். டாக்டர் தொடாதபோதும் ஒருமுறை "தெரியுது" என்றாள்.

டாக்டர் குச்சியைப் போட்டுவிட்டுக் கையிலிருந்த தாளைப் புரட்டினார்.

"அம்மா, உங்க வட்டாரத்துப் பதிவை வரவழைச்சுப் பார்த்தேன். நாலு வருஷத்துல எட்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்திருக்காங்க. எட்டு தடவையும் சர்க்கரை சரியா இருக்கு. கடைசியா நாலு மாசம் முன்னாடி. அப்பவும் சரியா இருக்கு. இன்னிக்கு நானூத்தி இருபது. எப்படிம்மா?"

ஓரகத்தி கண்ணை மட்டும் ஜன்னல் பக்கம் உருட்டினாள்.

"வீட்டுக்கு வந்தாங்களா, இல்லையா?"

"வந்தா. பார்த்தா."

"விரல்ல குத்தி ரத்தம் எடுத்தாங்களா?"

"எடுத்தா."

"புண்ணு எப்ப வந்தது?"

"இப்பதான். ஒரு மாசம் இருக்கும். செருப்பு கடிச்சது."

ஜன்னலோரம் நின்றவளுக்கு அன்று லீவு. சீருடையில் இல்லை. பதிவில் இருக்கும் பணியாளர் இவள்தான் என்று டாக்டருக்குத் தெரியாது. நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்த உறவுக்காரி, அவ்வளவுதான்.

டாக்டர் வாசலில் நின்றிருந்த அவள் கணவரைக் கூப்பிட்டார். "நாலு மாசத்துல இப்படின்னா இது ஓடுதுங்க. பின்னாலயே நாமளும் ஓட முடியாது. முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும். நாளைக்குக் காலையில முதல் கேஸ். மெதுவா வந்த புண்ணா இருந்தா விரலை மட்டும் எடுத்துட்டு, தினம் கட்டுப் போட்டு, பாதத்தைக் காப்பாத்தப் பார்க்கலாம். இது அந்த மாதிரி இல்லை."

கணவர் "சரிங்க" என்றார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். எதற்கும் முதலில் சரி என்றுதான் சொல்வார். அன்று காலையில்தான், பல் விளக்கிக்கொண்டே, "அண்ணி காலு நாறுது. நீ நர்சு மாதிரிதானே, வந்து பாரு" என்று அவளைக் கிளப்பியிருந்தார். பதினாலு வருஷமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணன் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தவர் அவர். அங்கே நடந்ததை இங்கே சொல்லமாட்டார். இங்கே நடந்ததை அங்கே சொல்லமாட்டார். இரண்டு பெண்களும் அதற்காகவே அவரைத் திட்டுவார்கள்.

கையெழுத்துப் போட அவரை நர்ஸ் அழைத்துப் போனாள். டாக்டரும் போனார். அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னே?"

ஓரகத்தி கூரையைப் பார்த்தாள். பிறகு கூரையிடமே சொன்னாள்: "நீ வரலைன்னு சொன்னா உன் வேலை போயிடும்ல."

"காலு போகுதே."

"என் காலு. உன் வேலை என் கொழுந்தன் திங்கிற சோறு."

நர்ஸ் விட்டுப்போன தட்டில் பழைய கட்டுத்துணி சுருண்டு கிடந்தது. கிழிந்த தலையணை உறை அது. ஏழு மாதமாகத் தலையணை உறைகளைக் கிழித்துக் கிழித்துக் கட்டியிருக்கிறாள்.

"எனக்குத் தெரியும்டி" என்றாள் ஓரகத்தி. "நீ தெருவுல நுழைஞ்சதுமே எனக்குத் தெரியும், பிள்ளைங்க கத்துமே. கதவுக்குப் பின்னால வந்து நிப்பேன். சாக்பீஸ் கிறீச்சுங்கும். எட்டு தடவையும் கேட்டேன்."

"கதவைத் திறக்கிறதுதானே?"

"நீ தட்டுறதுதானே?"

அவள் வெளியே வந்து, நடைபாதையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

எதிரே இருந்த அறையை அவளுக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். அப்போது அது அறையாக இல்லை. கம்பி போட்ட ஒரு ஜன்னல். ஆஸ்பத்திரியில் இலவசப் படுக்கை வேண்டுமானால் ஊரில் ஒரு பெரிய மனிதரிடம், இவன் ஏழைதான் என்று எழுதி வாங்கி அந்த ஜன்னலில் நீட்ட வேண்டும். ஏழைச் சீட்டு என்று பெயர். செங்கல் சூளையில் வேலை செய்த அவள் அப்பா இருமலோடு அதற்காக ஒரு வக்கீல் வீட்டுக்கு நாலு நாள் நடந்தார். முதல் நாள் வக்கீல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வெளியூர். நாலாம் நாள் நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று அப்பா தம்பியிடம் செருப்பு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா சீட்டைப் படித்தார். எட்டிக் காலைப் பார்த்தார். "செருப்பு புதுசா இருக்கே" என்றார். அவ்வளவுதான். அப்பா சீட்டை நாலாக மடித்து மேல்பையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். இரவல் செருப்பு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

பின்னால் சட்டம் வந்தது. சீட்டு வேண்டாம், ஜன்னல் வேண்டாம், பிறந்தவர் எல்லோருக்கும் வைத்தியம் உண்டு. வீடு வீடாகப் போகப் பெண்கள் வேண்டும் என்று விளம்பரம் வந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றாள். பயிற்சியில் ஓர் ஆசிரியை சொன்னார்: "இனிமேல் யாரும் வந்து கேட்கவேண்டியதில்லை. நாம் போய்க் கதவைத் தட்டுவோம்." மற்றவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அவள் எழுதவில்லை. எழுதினால்தானே மறக்கும்.

முதலில் எந்தக் கதவும் திறக்கவில்லை. வரி போட ஆள் எண்ண வந்திருக்கிறாள் என்றார்கள். நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு வீட்டுப் பெரியவர், "எனக்கு ஒரு வியாதியும் இல்லை, வேணும்னா என் வீட்டுக்காரி வாயைப் பாருங்க, அதுதான் நாப்பது வருஷமா மூடலை" என்றார். அவள் அந்த அம்மாளின் வாயைத் திறந்து பார்த்தாள். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு படை. புற்றாக மாறும் முன்பே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தத் தெரு அவளுக்குத் திறந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தாள். தடுப்பூசிக்கு இடுப்புக் குழந்தைகளைத் தூக்கிவந்தாள். படுத்தபடுக்கையாகக் கிடந்தவர்களின் முதுகுப் புண்ணைக் கழுவினாள்.

பார்த்து முடித்த வீட்டின் கதவு நிலையில் சாக்பீஸால் ஒரு வட்டம், பக்கத்தில் தேதி. யாரும் இல்லாத வீட்டுக்குக் குறுக்குக்கோடு. பார்த்த வீடு, விட்ட வீடு என்பார்கள். விட்ட வீட்டுக்கு ஒரு வாரத்துக்குள் திரும்பப் போகவேண்டும். மேற்பார்வையாளர் ஸ்கூட்டரில் தெருத் தெருவாக வருவார். குறுக்குக்கோட்டை மட்டும்தான் தேடுவார். வட்டம் போட்ட வீட்டை அவரும் பார்ப்பதில்லை, வேறு எவரும் பார்ப்பதில்லை. அவள் பகுதியில் குறுக்குக்கோடே இருக்காது. பிள்ளைகள் "சாக்பீஸம்மா, சாக்பீஸம்மா" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடிவரும். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

ஓரகத்தியோடு சண்டை வந்ததும் இந்த வேலையால்தான். குடும்பத்தில் ஒரு விசேஷம், நாற்பது பேர் பந்தியில். இவள் கரண்டியை எடுத்துப் பரிமாறக் குனிந்தபோது ஓரகத்தி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "கண்டவன் புண்ணைத் தொட்டு, கண்டவ தலையில பேன் எடுத்த கை. அதைச் சோத்துப் பானையில வைக்காதே." சிலர் சிரித்தார்கள். இவள் கரண்டியைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டு வாசலிறங்கி வந்துவிட்டாள். அடுத்த வருஷம் ஓரகத்தியின் கணவர் காலமானபோது போய் வாசலில் நின்றாள், உள்ளே போகவில்லை. உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. மகன் கடல் தாண்டி வேலைக்குப் போனான். ஓரகத்தி தனியாளானாள்.

நாலு வருஷத்துக்கு முன் வேலைப் பகுதிகளைப் பிரித்துப் போட்டபோது அந்தத் தெரு இவள் பங்கில் விழுந்தது. வருஷத்துக்கு இரண்டு சுற்று, பெரியவர்கள் எல்லோருக்கும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கவேண்டும். உறவுக்காரர் வீட்டை இன்னொரு பணியாளரிடம் மாற்றிக்கொடுக்க வழி இருந்தது. படிவத்தில் காரணம் எழுதவேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன எழுதுவது? பேச்சுவார்த்தை இல்லை என்றா? ஊரிலுள்ள மாமியார் மருமகள்களை எல்லாம் சமாதானம் பண்ணிக் கதவு திறக்கவைத்தவள் என்று பெயர் எடுத்தவள். படிவத்தை மடித்து மேஜைக்குள் போட்டாள்.

முதல் சுற்றில் அந்த வாசலில் நின்று கையைத் தூக்கவும் செய்தாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. தூக்கிய கை தூக்கியபடி இருந்தது. எதிர்மாடியிலிருந்து ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்து, நாற்பது பேருக்கு முன்னால் சொன்னதை மறுபடி தெருவுக்கே கேட்கும்படி சொன்னால்? கையில் சாக்பீஸ் இருந்தது. வட்டம் போட்டாள். சனிக்கிழமை வந்து பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை போகவில்லை.

பதிவேட்டை ஒப்படைக்கும் நாள் வந்தது. ஓரகத்தியின் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. வாய்க்கு வந்த எண்ணை எழுத அவளுக்கு மனம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு எண்ணும் எழுதியதில்லை. சுகாதார நிலையத்தின் பின்னறைக்குப் போய்த் தன் விரலைத் தானே குத்தி, தன் ரத்தத்தைப் பார்த்து, அந்த எண்ணை எழுதினாள். தன் கையிலேயே பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்து அதையும் எழுதினாள். இது பொய் இல்லை என்று தோன்றியது. ஒரு மனுஷியின் ரத்தம்தான், வரிசைதான் வேறு.

இரண்டாம் சுற்றில், முதல் சுற்றில் ஏன் வரவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. மூன்றாவதில் கதவருகே நிற்கும் நேரம் குறைந்தது. ஐந்தாவது ஆறாவதில் பழகிவிட்டது. சுற்று நெருங்கும்போது இனிப்பைக் குறைத்துக்கொள்வாள், ஓரகத்திக்கு நல்ல எண் வரட்டும் என்று. இதை நினைத்து ஒருமுறை பின்னறையில் தனியாகச் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஞாபகம் வந்தது.

ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அதை அவள் பின்னால் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் காலைப் பற்றி மட்டும் யோசித்தாள் என்றும் சொல்லமுடியாது. நாலு வருஷத்தில் ஓய்வு பெறலாம். கணவருக்கு நெஞ்சுவலி வந்து பஸ் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பதிவேடு, மேற்பார்வையாளர், இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. நடுநடுவே அந்தத் தலையணை உறை.

நாலரைக்கு எதிர் அறையை மூடிவிடுவார்கள். நாலு இருபதுக்கு எழுந்து போனாள்.

கம்பி ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, பக்கத்தில் கதவு வைத்து, சமூகப் பணியாளர் அறை ஆக்கியிருந்தார்கள். முன்பு ஏழையா என்று கேட்ட இடத்தில் இப்போது, வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள், மாடிப்படி இருக்கிறதா, சமைக்க ஆள் உண்டா என்று கேட்டார்கள். அங்கிருந்தவர் அவளோடு பயிற்சி எடுத்தவர். மீசை நரைத்துவிட்டது.

"வாம்மா. உங்க அண்ணி கேஸ்தானே? செயற்கைக் காலுக்கு இப்பவே எழுதி வச்சிடலாம்."

"அண்ணே, கால் வேண்டாம்."

"என்ன?"

சொன்னாள். அவள் முடித்ததும் அவர் பேனாவின் மூடியை இரண்டு தடவை திறந்து மூடினார்.

"எட்டு தடவையுமா?"

"எட்டும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போய்ப் பார்த்திருப்பேனே. எனக்கும் அவங்க ஏதாவது சொல்லியிருப்பாங்க, வாங்கிட்டு வந்திருப்பேன். தினம் எவ்வளவோ வாங்குறோம்."

அவள் மேஜையில் கிடந்த செயற்கைக் கால் படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"இது மேல போகும்மா. என்னால மறைக்க முடியாது."

"மறைக்கச் சொல்லலை அண்ணே. டாக்டரைக் கூப்பிடுங்க."

டாக்டர் வந்தார். நின்றபடியே கேட்டார்.

"நீங்கதானா அந்தப் பணியாளர்?"

"நான்தான்."

"அப்ப இந்த எண்ணெல்லாம்?"

"என்னுது."

டாக்டர் தாளை மறுபடி பார்த்தார். எட்டு வரிசையையும் விரலால் தடவிக்கொண்டே வந்தார். "உங்களுக்குச் சர்க்கரை இல்லை" என்றார். "நல்லது."

அவள் தலைகுனிந்தாள். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

மூன்று பேரும் கட்டிலுக்குப் போனார்கள். டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அம்மா, இவங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. இப்ப நீங்க சொல்லுங்க. புண்ணு எப்ப வந்தது?"

ஓரகத்தியின் முகத்தில் ஈயாடவில்லை. "மழைக்கு முன்னாடி" என்றாள்.

"ஏழு மாசம் இருக்குமா?"

"இருக்கும்."

"தாகம், ராத்திரி எழுந்து எழுந்து போறது?"

"அது ரெண்டு வருஷமா."

டாக்டர் மீண்டும் காலைப் பார்த்தார். இந்த முறை வெகுநேரம் பார்த்தார். சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் தோலில் கோடு போட்டார். "விடியற்காலைக்குள்ள இந்தக் கோட்டைத் தாண்டலைன்னா விரலோட நிறுத்திப் பார்க்கலாம். தாண்டிடுச்சுன்னா நான் முதல்ல சொன்னதுதான். வாக்குக் கொடுக்க முடியாது. ரெண்டு வருஷம் முன்னாடின்னா மாத்திரையே போதும்."

கடைசி வாக்கியத்தை யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் ஓரகத்தி இவளைப் பார்த்தாள். பதினாலு வருஷத்தில் முதல்முறையாக நேருக்கு நேர்.

"உன்னை யாருடி சொல்லச் சொன்னா? நான்தான் ஒரு வழியா சொல்லி முடிச்சிருந்தேனே. இப்ப ரெண்டு பேரும் எட்டு தடவை கூத்தடிச்சோம்னு ஆஸ்பத்திரி முழுக்கச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்க்கா."

"உனக்கென்ன, நீ போயிடுவே. நான்ல இங்க படுத்துக் கிடக்கணும்."

"நான் எங்கயும் போகலை. பக்கத்துல இருக்கேன்."

"வேண்டாம். அவரை வரச்சொல்லு." கணவரைத்தான் சொன்னாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பும்போது காலைத் தூக்கத் தெரியாமல் தவித்தாள். இவள் குனிந்து, கணுக்காலைப் பிடித்துத் தூக்கி வைத்தாள். ஓரகத்தி காலை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. எட்டே காலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பத்து மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். கறுத்த இரண்டு விரல்களையும் அடுத்த விரலையும் பாதத்தின் முன்பக்கம் கொஞ்சத்தையும் எடுத்திருந்தார்கள். மூன்று மாதம் தினமும் கட்டு மாற்றவேண்டும், அதன் பிறகும் நிச்சயமில்லை என்றார் டாக்டர். வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்ற வேறு பகுதியிலிருந்து ஒரு பெண்ணைப் போட்டார்கள். பதினொன்றரைக்கு மேற்பார்வையாளர் நிலையத்துக்கு வந்து அவளுடைய பதிவேடுகளை எடுத்துக்கொண்டார். ஒரு வீட்டில் நடந்தது எல்லா வீட்டிலும் நடந்திருக்கலாம் என்பதால் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளையும் முதலிலிருந்து பார்க்கவேண்டும் என்றார். மற்ற இருநூற்றுப் பதினொன்றும் சரி என்று அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். விசாரணை முடியும்வரை மருந்துக் கிடங்கில் வேலை. மத்தியானம் அங்கே போய்ப் பஞ்சுக்கட்டுகளை எண்ணி அடுக்கினாள். ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஓரகத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். கணவர், அண்ணி கஞ்சி குடித்தாள், உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை என்றார். ராத்திரிக்கும் அவர் அங்கேயே தங்கிக்கொண்டார். அவளுக்குப் பஸ் கிடைக்க நேரமாயிற்று. வீட்டுக்கு வந்து, ஒருவருக்கு மட்டும் உலை வைத்தாள்.